நிச்சயமாகத்தானா?

1998 ஏப்ரல். சிகாகோ கண்காட்சியில் பில் கேட்ஸை மேடையில் வைத்துக்கொண்டு விண்டோஸ் 98-ஐ டெமோ காட்டினார்கள். ஸ்கேனரைச் செருகியதுதான் தாமதம், திரை முழுக்க நீலம். கூட்டம் சிரித்துத் தீர்த்தது. இன்னும் விற்பனைக்கு விடாததற்கு இதுதான் காரணம் போல என்று கேட்ஸ் சமாளித்தார்.

என்னைக் கேட்டால் அது யோக்கியமான கோளாறு. படுத்தால் ஊருக்கே தெரியும். திரை ஜம்மென்று வேலை செய்துகொண்டே ஆளைக் கவிழ்க்கிறதே, அதுதான் வில்லங்கம்.

2020 ஆகஸ்ட் 11. லிப்ஸ்டிக் புகழ் ரெவ்லான் கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு சிட்டி பேங்க் வட்டி பட்டுவாடா செய்ய வேண்டும். சுமார் 78 லட்சம் டாலர். அவர்கள் சாஃப்ட்வேரின் லட்சணம், அன்றைய வேலைக்கு மொத்த அசலையும் அடைப்பதுபோல் பாவ்லா காட்டி, அசலை மட்டும் பேங்கின் உள்கணக்கு ஒன்றுக்குத் திருப்பிவிட வேண்டும். அதற்குத் திரையில் மூன்று கட்டங்கள்: 'ப்ரின்சிபல்', 'ஃப்ரண்ட்', 'ஃபண்ட்'. மூன்றுக்கும் டிக் தேவை. விழுந்தது ஒன்றுக்கு, ப்ரின்சிபலுக்கு மட்டும். அசலைத் தடுக்க அசல் கட்டத்தில் டிக். நியாயம்தானே ஸார்? ஒருத்தர் பதிய, இன்னொருத்தர் சரிபார்க்க, மூன்றாமவர் ஒப்புதல் தர, சுமார் 89 கோடி டாலர் போயே போச்சு!

திரை எச்சரிக்கவில்லையா? எச்சரித்தது. 'பணம் பேங்கை விட்டு வெளியே போகும், தொடரலாமா?' எவ்வளவு என்று மட்டும் சொல்லவில்லை. வட்டி எப்படியும் வெளியேதானே போகணும்? 'எஸ்' அழுத்தியாச்சு.

கவனியுங்கள், புரோகிராம் சொன்னதைத்தான் செய்தது. ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்தாலும் டெஸ்ட்டில் பாஸ். அதனால் ஒரு திரையை நம்பலாமா என்று பார்க்க, அது எத்தனை தடவை படுக்கிறது என்று நான் எண்ணுவதில்லை. 'ஓகே'வுக்கு மேலே இருக்கிற வாசகத்தைப் படிக்கிறேன். என்ன, எவ்வளவு, யாருக்கு என்று இருந்தால் சரி. வெறும் 'நிச்சயமாகத்தானா?' என்றால் ஃபெயில். நாளைக்கு நாற்பது தடவை அப்படிக் கேட்டால் மகான்கூடப் படிக்காமல்தான் அழுத்துவார்.

கடன்காரர்களில் சிலர் பணத்தைத் திருப்பினார்கள். மற்றவர்கள் சுமார் 50 கோடி டாலரை விடமாட்டோம் என்றார்கள். 2021 பிப்ரவரியில் நியூயார்க் நீதிபதி அவர்கள் பக்கம் சாய்ந்தார்: இத்தனை பெரிய பேங்க் இப்படித் தப்பு செய்யும் என்று யார்தான் நினைப்பார்கள்? 2022 செப்டம்பரில் அப்பீல் கோர்ட் அந்தத் தீர்ப்பைத் தூக்கிக் கடாசியது.