வெயிலுக்கு ஒரு ரசீது

ஓரிக்கையில் என் பெரியப்பா நாற்பது ஆண்டுகளாகப் பட்டு நெய்கிறார். ரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போனவர், சென்ற மாதம் வேறொரு ரசீதோடு திரும்பினார். வைட்டமின் டி சோதனை, 1,500 ரூபாய். தறியில் அவருக்கு அது நான்கு நாள் கூலி. எலும்பில் வலியில்லை, தசையில் தளர்ச்சியில்லை. எதற்குச் சோதனை என்று அவரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. முடிவு 17. பக்கத்தில் தடித்த எழுத்தில் ‘குறைபாடு’. வாரம் ஒன்றாக எட்டு மாத்திரைகள். மூன்று மாதம் கழித்து மறுபடியும் சோதனை. அந்த எட்டு மாத்திரைகளின் விலை சோதனைக் கட்டணத்தில் கால் பங்குகூட இல்லை.

நெசவாளர் வீட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த முடிவு வியப்பளிக்காது. விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டும்போது மட்டுமே உடலில் வெயில் படும். அந்த இளவெயிலில் வைட்டமின் டி உருவாவது மிகக் குறைவு. அதற்கு உச்சி வெயில் வேண்டும். அந்நேரம் அவர் தறிக்குழிக்குள் கால் வைத்து அமர்ந்திருப்பார். ஊகிக்கக்கூடிய விடைக்கு 1,500 ரூபாய் ஏன் என்பதே என் கேள்வி.

‘குறைபாடு’ என்ற முத்திரையே ஐயத்துக்குரியது. அமெரிக்க மருத்துவக் கழகம் 2010 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தில் 16 நானோகிராம் இருந்தால் பாதிப்பேருக்குப் போதும். 20 இருந்தால் ஏறக்குறைய அனைவருக்கும் போதும். ஆக, 20 என்பது தேவையின் மேல் விளிம்பு. நோயின் எல்லைக்கோடு அன்று. ஆனால் 2011இல் எண்டோக்ரைன் சொசைட்டி 30க்குக் கீழே இருந்தால் போதாது என்றது. ஒரே கையெழுத்தில் கோடிக்கணக்கான நலமானவர்கள் நோயாளிகளானார்கள். அந்தக் குழுவின் தலைவர் மைக்கேல் ஹோலிக், சோதனைக்கூடப் பெருநிறுவனம் ஒன்றிடம் ஆலோசனைக் கட்டணம் பெற்றுவந்தவர் என்று 2018இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அப்பணம் தம் கருத்தை மாற்றவில்லை என்றார் அவர். இருக்கட்டும். 2016இல் மட்டும் அமெரிக்க முதியோருக்கான மெடிகேர் திட்டம் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வைட்டமின் டி சோதனைகளுக்கு 36.5 கோடி டாலர் கொடுத்தது. அதே சங்கம் 2024இல் 30 என்ற அந்த இலக்கைக் கைவிட்டது. நலமாயிருக்கும் பெரியவர்களுக்கு வழக்கமாக இச்சோதனை வேண்டாம் என்றும் பரிந்துரைத்தது. சங்கம் இறங்கிவிட்டது, நம்மூர் ‘முழு உடல் பரிசோதனை’ விளம்பரங்கள் இறங்கவில்லை.

வருமுன் காப்பது நல்லதல்லவா என்று கேட்பார்கள். 25,871 பேரிடம் ஐந்தாண்டுகளுக்கு மேல் நடந்த வைட்டல் ஆய்வில், நாள்தோறும் கொடுத்த வைட்டமின் டி புற்றுநோயையோ மாரடைப்பையோ குறைக்கவில்லை என்று 2018இலும், எலும்பு முறிவையும் குறைக்கவில்லை என்று 2022இலும் முடிவுகள் வந்தன. குறைபாடுள்ளோரை மட்டும் தேர்ந்தெடுத்த ஆய்வன்று அது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கே சோதனைக்கு அனுப்பப்படுவோரும் அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லரே! எண்ணைக் கண்டு அஞ்சி அளவின்றி மாத்திரை விழுங்குவோருக்கு ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறிச் சிறுநீரகம் கெடுவதும் உண்டு.

சோதனையே வீண் என்று நான் சொல்லவில்லை. கால் வளைந்த குழந்தை, எலும்பு மென்மையாகி வலிப்பவர், நாட்பட்ட சிறுநீரக நோயாளி, குடல் சத்தை உறிஞ்சாதவர் ஆகியோருக்கு அந்த எண் சிகிச்சையைத் தீர்மானிக்கும். அங்கே அது மருத்துவம். எண் எதுவானாலும் அதே மாத்திரைதான் என்றால், அது வசூல்.

காஞ்சியை விட்டு வெளியேறிய திருமழிசை ஆழ்வாரைப் பின்தொடர்ந்து, பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு வந்த பெருமாள் ஓரிரவு தங்கிய ‘ஓரிருக்கை’யே ஓரிக்கை ஆயிற்று என்பது ஊர்க் கதை. அடியவன் சொல்லுக்குக் கட்டுப்பட்டதால் அவருக்குச் சொன்ன வண்ணம் செய்த பெருமாள் என்று பெயர். பெருமாளுக்கு அது பெருமை. நோயாளிக்கு அன்று. “இந்த எண் எவ்வளவாக இருந்தால் நீங்கள் தரும் மருந்து மாறும்?” என்று ரத்தம் கொடுக்குமுன் கேளுங்கள். பதில் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். பெரியப்பாவின் மறுசோதனைக்கு அடுத்த மாதம் நானும் உடன் போகிறேன். அந்தக் கேள்வியை நான் கேட்கப்போகிறேன்.