சூரியாஸ்தமனமும் விலைக்கு!

காலை எட்டு மணிக்குத் துறைமுகத்தில் கார் வந்து நிற்கும். உங்களுக்கென்றே ஒரு டிரைவர், உங்களுக்கென்றே ஒரு வழிகாட்டி. மற்ற ஜனங்களோடு முட்டி மோத வேண்டியதில்லை. எரிமலை விளிம்பு, வெள்ளை வீடுகள், கறுப்பு மணல் கடற்கரை, திராட்சைத் தோட்டத்தில் ஒயின், கடைசியாக ஈயா என்னும் ஊரில் நின்று சூரியாஸ்தமன தரிசனம். அத்தனையும் ஒரே நாளில்! கிரேக்க நாட்டின் சாந்தோரினித் தீவில் பணக்காரப் பிரயாணிகளுக்காக நடத்தப்படும் தனி உலா இது. கட்டணம் பல நூறு யூரோ.

ஊர் பார்ப்பதை நாம் குறை சொல்லவில்லை. உழைப்பாளிக்கும் ஓய்வு வேண்டும். அவனும் உலகம் பார்க்க வேண்டும். 1936-ல் பிரெஞ்சுத் தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து வேலை நிறுத்தம் செய்து, வருஷத்துக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு லீவு வாங்கினார்கள். கடலையே பார்த்திராத குடும்பங்கள் அந்தக் கோடையில் கடற்கரைக்குப் போயின. அது தொழிலாளி வர்க்கம் போராடிப் பெற்ற உரிமை. நம் கேள்வி வேறு. சாந்தோரினியில் அந்த ஒரு நாளில் காட்டுவது என்ன? காட்டாமல் விடுவது என்ன?

முதலில் அந்த இடத்தைத் தெரிந்துகொள்வோம். ஏறத்தாழ 3,600 வருஷங்களுக்கு முன் அங்கே எரிமலை வெடித்தது. தீவின் நடுப்பகுதி உள்ளே இடிந்து விழ, கடல் புகுந்தது. மிஞ்சிய விளிம்பு பிறை போல நிற்கிறது. செங்குத்தான பாறை, அதன் உச்சியில் ஊர்கள். எரிமலை செத்துவிடவில்லை, கடைசியாகப் பொங்கியது 1950-ல்.

எல்லாப் படங்களிலும் வருகிற அந்த அழகிய குகை வீடுகள் யாருடையவை? ஈயா ஒரு காலத்தில் கப்பல்காரர்களின் ஊர். மேட்டில் கப்பல் தலைவர்களின் மாளிகைகள். கீழே சரிவில் மாலுமிகளின் வீடுகள். தீவில் மரம் கிடையாது. மரம் வாங்க மாலுமியிடம் காசு கிடையாது. எரிமலைச் சாம்பல் இறுகிய மண் வெட்டுவதற்கு இளக்கமானது. மண்வெட்டியால் குடைந்து உள்ளே குடும்பம் நடத்தினான். ஒருவன் வீட்டுக் கூரை மற்றவன் வீட்டு முற்றம். ஏழை குடைந்த அந்தப் பொந்துக்குத்தான் இன்று, முன்னால் ஒரு குளியல் தொட்டி கட்டி, ராஜ வாடகை வாங்குகிறார்கள்!

அந்தச் சாம்பல் மண்ணுக்கும் நமக்கும்கூட ஒரு தொடர்பு உண்டு. சுண்ணாம்போடு கலந்தால் தண்ணீருக்குள்ளும் கெட்டிப்படுகிற மண் அது. 1860-களில் சூயஸ் கால்வாய் வேலைக்காக அதை வெட்டி வெட்டிக் கப்பலில் ஏற்றினார்கள். அங்கே எகிப்து விவசாயிகளை வெட்டி வேலைக்குப் பிடித்துக் கால்வாய் தோண்டினார்கள். இங்கே தீவின் ஏழைகள் மண் வெட்டினார்கள். 1869-ல் திறந்த அந்தக் கால்வாய் வழியாகத்தான் வெள்ளைக்காரன் தன் துணி மூட்டைகளை நம் துறைமுகங்களில் கொண்டுவந்து குவித்தான். வழிகாட்டி இதைச் சொல்வாரா? கேட்டால் சொல்வார், பாவம். அவர் படித்தவர், அவரும் சீசன் கூலிக்காரர்தான். கேட்பவர் இல்லை.

1956 ஜூலை 9 விடியற்காலையில் பெரும் பூகம்பம் வந்தது. 53 பேர் மாண்டார்கள். வீடுகள் சரிந்தன. பல குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஏதென்ஸுக்குப் போய்விட்டன. 1970-களில் சர்க்காரின் சுற்றுலா ஸ்தாபனம் ஈயாவில் பாழடைந்து கிடந்த வீடுகளைச் செப்பனிட்டு விருந்தினர் விடுதிகளாக்கியது. பின்னால் தனி முதலாளிகள் வந்தார்கள். மண் வெட்டும் சுரங்கம் 1980-களில் நின்றது. விலிகாதாவில் இருந்த தக்காளி ஆலை 1981-ல் மூடப்பட்டு, இப்போது அது ஒரு காட்சிசாலை. ஆக, தீவுக்கு ஒரே பிழைப்பு மிஞ்சியது: வருகிறவனுக்குப் பரிமாறுவது.

"சுற்றுலா இல்லாவிட்டால் அந்த ஜனங்கள் பட்டினி கிடப்பார்கள்" என்று முதலாளிப் பத்திரிகைகள் எழுதுகின்றன. பழைய வறுமைக்குத் திரும்ப வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் ஒரே பிழைப்பை நம்பிய ஊரின் கதி என்ன என்பது 2020-ல் கொள்ளை நோய் வந்து கப்பல்கள் நின்றபோது தெரிந்தது.

தீவில் நிரந்தரமாக வசிப்பவர்கள் சுமார் 15,000 பேர். ஆண்டுக்கு வருகிறவர்களோ முப்பது லட்சத்துக்கு மேல்! 2024 ஜூலையில் ஒரே நாளில் கப்பல்களிலிருந்து ஏறத்தாழ 17,000 பேர் இறங்க இருந்தபோது, ஊர்வாசிகள் நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று உள்ளாட்சிப் பிரதிநிதி ஒருவர் அறிவிப்புப் போட்டார். சொந்த ஊரில் சொந்தக்காரன் வெளியே வரக்கூடாதாம்! ஜனங்கள் கொதித்தெழ, அறிவிப்பை எடுத்துவிட்டார்கள்.

ஆற்று நீர் இல்லாத தீவு அது. முன்பு மழை நீரைத் தொட்டியில் சேமித்துக் குடித்தார்கள். இன்று கடல் நீரிலிருந்து உப்பைப் பிரித்தெடுத்துத்தான் நீச்சல் குளங்களும் நிரம்புகின்றன. பள்ளி ஆசிரியருக்கு வாடகைக்கு வீடு கிடைப்பதில்லை. ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வரத் தயங்குகிறார், தங்க இடமில்லாததால். ஓட்டல் வேலையாட்களை ஒரே அறையில் பலராக அடைக்கிறார்கள்.

விவசாயத் தொழிலாளிகளுக்கு ஒரு செய்தி. அங்கே காற்று பலமாக அடிப்பதால் திராட்சைக் கொடியைப் பந்தலில் ஏற்றுவதில்லை. தரையோடு தரையாகக் கூடை போல வளைத்து வளைத்துப் பின்னுகிறார்கள். குலைகள் கூடைக்குள்ளே காய்க்கும். இரவுப் பனியின் ஈரமே அதற்குப் பாதித் தண்ணீர். ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்த வேர்ப்பூச்சி இந்த எரிமலை மணலில் வாழ முடியவில்லை. எனவே அங்கே மிகப் பழைய வேர்கள் உண்டு. ஆகஸ்டு வெயிலில் அறுவடை. நாள் முழுதும் குனிந்தும் மண்டியிட்டும்தான் குலை பறிக்க வேண்டும். நாற்று நட்டவர்களுக்கு அந்த இடுப்பு வலி என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. உலா வருபவர் கையில் கிண்ணத்தோடு பார்ப்பது அந்தத் தோட்டத்தைத்தான். அந்த நிலமும் ஓட்டல் கட்டுவதற்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாறிக்கொண்டிருக்கிறது.

பழைய துறையிலிருந்து ஃபீரா ஊருக்கு ஏற சுமார் 600 படிகள். 1979-ல் கம்பித் தொட்டில் வந்தது. அதற்கு முன் சரக்கையும் ஆளையும் சுமந்தது கழுதை. இப்போதும் வேடிக்கைக்காக ஏறுகிறார்கள். 2018-ல் கிரேக்க சர்க்கார் ஒரு விதி செய்தது: கழுதை மேல் 100 கிலோவுக்கு மேல், அல்லது அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், ஏற்றக்கூடாது. நல்ல விதி, வரவேற்கிறோம். 2025 அக்டோபரில் அதே நாட்டு சர்க்கார் இன்னொரு சட்டம் கொண்டுவந்தது: ஒரே முதலாளியிடம் ஒரு தொழிலாளி நாளுக்கு 13 மணி நேரம் வரை வேலை செய்யலாம்! வருஷத்தில் 37 நாள் வரைதானாம், அவன் சம்மதித்தால்தானாம், கூடுதல் மணிக்கு 40 சதவிகிதம் அதிகக் கூலியாம். முதலாளி முன் நிற்கும் சீசன் கூலியின் சம்மதம் எப்படிப்பட்டது என்று எந்த மில் தொழிலாளியையும் கேளுங்கள்! 2025 ஏப்ரலில் அங்கே குறைந்தபட்ச மாதச் சம்பளம் 880 யூரோ. சீசனில் எரிமலை விளிம்பில் ஓர் உயர்ந்த அறைக்கு ஒரே இரவு வாடகை அதில் பாதியைத் தாண்டும். அக்டோபரோடு சீசன் முடிந்து வேலை போனால், சர்க்கார் தரும் உதவித்தொகை மூன்று மாதத்துக்குச் சற்று மேல்தான். மீதிக் குளிர்காலத்துக்கு வயிற்றை என்ன செய்வது?

குளிர்காலத்தில் தீவில் நடப்பது கட்டட வேலை. அடுத்த சீசனுக்கு ஓட்டல்களைத் தயார் செய்ய வேண்டும். செய்பவர்களில் அல்பேனியாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள் ஏராளம். 2025 ஜனவரிக் கடைசியில் கடலடி நெருப்புக் குழம்பு நகர, ஆயிரக்கணக்கில் நில அதிர்ச்சிகள் தொடங்கின. பிப்ரவரி 6-ல் அவசர நிலை பிரகடனம். 11,000 பேருக்கு மேல் வெளியேறினார்கள். அன்றாடக் கூலிக்கு வந்தவன் போவதென்றால் கப்பல் டிக்கெட்டோடு கூலியையும் இழந்து போக வேண்டும். அக்ரோதிரியில் 1967 முதல் தோண்டியெடுத்து வரும் பழம்பெரும் நகரம் ஒன்று இருக்கிறது. மாடி வீடுகள், கழிவு நீர்க் குழாய்கள் எல்லாம் கிடைத்தன. ஒரு மனித எலும்புக்கூடுகூடக் கிடைக்கவில்லை. அதிர்ச்சி கண்டதும் ஊரைக் காலி செய்தார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். சீசன் கணக்குப் பார்த்து யாரும் தயங்கியதாகத் தெரியவில்லை!

தீவின் உயரமான மலை உச்சிக்கும் கார் போகும். அங்கிருந்து கிழக்கே அனாஃபி என்னும் சிறு தீவு இருக்கிறது. மெடாக்ஸாஸின் சர்வாதிகாரத்தில், 1936-க்குப் பின், கம்யூனிஸ்டுகளையும் தொழிற்சங்கத்தாரையும் கூட்டம் கூட்டமாக நாடு கடத்தி வைத்த இடங்களில் அதுவும் ஒன்று. நம் தோழர்கள் அங்கே ஒரு பொது வாழ்க்கை அமைத்தார்கள். ஒரே சமையல், ஒரே கணக்கு. படித்தவன் படிக்காதவனுக்குப் பாடம் சொன்னான். பாசிஸ்டு ஆக்கிரமிப்பின்போது 1941-42 குளிர்காலப் பட்டினியில் சிலர் அங்கேயே மடிந்தார்கள். சூரியாஸ்தமனம் பார்க்கிறவர்கள் மேற்கே திரும்பி நிற்பதால் அந்தத் தீவு கண்ணில் படுவதில்லை.

தீவின் மேயர் சோர்சோஸே இனிப் புது ஓட்டல் படுக்கைகள் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். 2025 ஜூலையிலிருந்து உச்ச சீசனில் கப்பல் பிரயாணி தலைக்கு 20 யூரோ வரி. அந்தப் பணத்தில் ஆசிரியருக்கும் டாக்டருக்கும் வீடு கட்டட்டும். வேலையாளுக்கு மனிதன் வசிக்கத் தக்க இருப்பிடம் கொடுப்பதை ஓட்டல் முதலாளியின் கடமையாக்கட்டும். குளிர்காலம் முழுவதும் உதவித்தொகை கொடுக்கட்டும். பூகம்பத்துக்குப் பயந்து வேலையை விட்டு இறங்கியவன் கூலியை யாரும் பிடிக்கக்கூடாது. இவை வானத்தை வில்லாய் வளைக்கும் கோரிக்கைகள் அல்ல.

13 மணிச் சட்டத்தை எதிர்த்து 2025 அக்டோபர் 1-ல் கிரேக்கத் தொழிலாளர்கள் நாடு தழுவிய வேலை நிறுத்தம் செய்தார்கள். கப்பல் தொழிலாளரும் சேர்ந்துகொள்ள, தீவுகளுக்குப் போக வேண்டிய கப்பல்கள் துறைமுகத்திலேயே கட்டிக் கிடந்தன. 14-ல் மறுபடியும் வேலை நிறுத்தம். 16-ல் பார்லிமெண்டில் சட்டம் நிறைவேறியது. அதை ஓட்டலில் அமலாக்க விடுவதா என்பதை இனி ஒவ்வொரு சீசனிலும் அங்கே வேலை செய்கிறவர்களின் சங்கம்தான் தீர்மானிக்க வேண்டும்.