மின்பதிப்பில் பத்தியும் அடியும்: குறியிடல் ஒரு பதிப்புப் பணியே

முன்னுரை

தமிழ் இலக்கியங்கள் இணையப் பக்கங்களில் கிடைப்பது இன்று இயல்பாகிவிட்டது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர்களின் உழைப்பால் இப்பணிக்கு வித்திட்டது. எழுத்துப் பிழை களைவதில் காட்டப்படும் கவனம், உரையை அடி, பாடல், பத்தி எனப் பகுத்துக் குறியிடுவதில் போதிய அளவு காட்டப்படவில்லை. இக்குறியிடல் கணினிப் பணியாளரிடம் விட்டுவிடத்தக்க புற ஒப்பனை அன்று. அது பதிப்பாசிரியரின் பொறுப்பில் அடங்குவது.

பத்தி என்னும் பதிப்பு முடிவு

ஓலைச்சுவடிகளில் பாடல்கள் பெரும்பாலும் அடி பிரிக்கப்படாமல் தொடர்ந்து எழுதப்பட்டன. உரைகளுக்கும் பத்திப் பிரிப்பு இல்லை. மூலம் எது, உரை எது, உரையினுள் வரும் மேற்கோள் எது எனப் பிரித்தறிவதே சி. வை. தாமோதரம் பிள்ளை, உ. வே. சாமிநாதையர் போன்றோரின் பெரும்பணியாக இருந்தது. 1887இல் வெளிவந்த சீவக சிந்தாமணிப் பதிப்பு அவ்வுழைப்பின் பயன். ஆகவே, அச்சு நூலில் காணும் ஒவ்வோர் அடி முறிவும் பத்தித் தொடக்கமும் ஒரு புலமை முடிவாகும். அம்முடிவு மின்வடிவில் மறைந்துபோவது நூற்றாண்டு கடந்த உழைப்பின் ஒரு பகுதியை இழப்பதற்கு ஒப்பாகும்.

எச்.டி.எம்.எல். குறியீட்டு மொழியின் எல்லை

எச்.டி.எம்.எல். மொழியில் பத்தியைக் குறிக்கும் ‘பி’ என்னும் குறிச்சொல், தொடக்கத்தில் இரு பத்திகளை இடைப்பிரிக்கும் அடையாளமாக மட்டுமே இருந்தது. 1995இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பிலேயே அது பத்தியைத் தன்னுள் அடக்கும் உறுப்பாக வரையறை பெற்றது. பிரிப்பது வேறு, அடக்குவது வேறு. உரையை ‘இஃது ஒரு பத்தி’ எனப் பெயரிடுவதே குறியிடலின் உயிர். இடைவெளியும் உள்தள்ளலும் சி.எஸ்.எஸ். நடைதாளின் வேலை.

இவ்வேறுபாடு பேணப்படாதபோது நேரும் குறைகள் பல. பாடலின் ஒவ்வோர் அடியும் தனித்தனி ‘பி’ உறுப்பாக இடப்படின், பதின்மூன்றடி அகவற்பா கணினிக்குப் பதின்மூன்று பத்திகளாகிறது. திரைவாசிப்பான் துணையுடன் பயிலும் பார்வையற்ற ஆய்வாளர், பத்தி பத்தியாகத் தாவும் வசதியால் அடுத்த பாடலை அடைய இயலாமல் அடுத்த அடியிலேயே நின்றுவிடுகிறார். அடி முறிவைக் குறிக்கும் ‘பிஆர்’ குறிச்சொல்லைச் செய்யுளுக்குப் பயன்படுத்த எச்.டி.எம்.எல். விதி இடம் தருகிறது. ஆயினும் அது முறிவைக் காட்டுமேயன்றி, அடியை ஓர் உறுப்பாக்குவதில்லை. கைப்பேசியின் குறுகிய திரையில் குறளின் முதலடியினுடைய நாற்சீரில் இறுதிச் சீர் கீழிறங்கினால், திரை முறிவும் அடி முறிவும் ஒன்றாகவே தோன்றும். அடிகளை எண்ணிப் பாவகை காணும் மாணவருக்குக் குறள் வெண்பா சிந்தியல் வெண்பாவாகக் காட்சியளிக்கும்.

உரைநூல்களில் சிக்கல் மேலும் ஆழமானது. நச்சினார்க்கினியர் முதலியோர் மேற்கோள் பாடலைத் தந்து, அதே வாக்கியத்தை ‘என வரும்’ என்று தொடர்வது வழக்கம். எச்.டி.எம்.எல். விதிப்படி மேற்கோள் தொகுதிக்குரிய ‘பிளாக்கோட்’ உறுப்பு பத்தியினுள் அடங்காது. அது தொடங்கியவுடன் பத்தி தானாகவே முடிந்துவிடும். எஞ்சிய தொடர் பத்திக்குப் புறம்பாகவோ புதுப் பத்தியாகவோ நிற்கிறது. ஒரு வாக்கியம் இரு கூறாகிறது.

ஏற்கத்தக்க வழி

1987இல் தொடங்கி 1994இல் முழுமையான வழிகாட்டு நெறிகளை வெளியிட்ட டி.ஈ.ஐ. என்னும் உரைக் குறியாக்க முயற்சி, இச்சிக்கல்களை எதிர்கொள்ளும் வகையில் அமைந்தது. அதில் அடிக்கும் அடித்தொகுதிக்கும் தனித்தனி உறுப்புகள் உண்டு. மேற்கோள் பாடல் பத்தியினுள்ளேயே அமையலாம். அடி, சீர், தொடை என யாப்புறுப்புகளைப் பகுத்துப் பெயரிட்ட செய்யுளியல் மரபுடைய தமிழுக்கு இம்முறை அயலானது அன்று.

தன்னார்வலர் உழைப்பில் இயங்கும் மின்னூலகங்களுக்கு இது பெருஞ்சுமை என்னும் மறுப்பு நியாயமானதே. ஆயினும் எச்.டி.எம்.எல். எல்லைக்குள்ளேயே செய்யத்தக்கன உள. பாடல் முழுவதையும் ஒரு தொகுதியாக்கி, ஒவ்வோர் அடியையும் அதனுள் தனி உறுப்பாக அமைத்து வகைப்பெயர் இடலாம். மூலம், பதவுரை, விளக்கவுரை, மேற்கோள் ஆகியவற்றை வகைப்பெயரால் வேறுபடுத்தலாம். மேற்கோளுக்குப் பின் தொடரும் பகுதியைத் ‘தொடர்ச்சி’ எனக் குறிக்கலாம். இவ்வாறு குறியிட்ட உரையைப் பின்னர் டி.ஈ.ஐ. வடிவுக்கு மாற்றுதல் எளிது; வெறும் இடைவெளிகளால் அமைந்த உரையை மாற்றுதல் மீண்டும் பதிப்பிப்பதற்கு ஒப்பாகும்.

நிறைவுரை

தமிழ்த்துறைகளின் பதிப்பியல் பாடத்தில் குறியிடல் ஓர் அலகாக இடம்பெறுதல் வேண்டும். மின்பதிப்புகளை மதிப்பிடுவோர் பாடவேறுபாட்டுக் குறிப்புகளை நோக்குவது போன்றே குறியிடலையும் நோக்குதல் வேண்டும். அடி பிரித்தவர் பெயர் அச்சுப் பதிப்பின் முகப்பில் நின்றது; மின்பதிப்பில் அப்பணியைச் செய்பவர் பெயரும் பதிப்பாசிரியர் என்னும் தகுதியோடு நிற்பதே முறை.