கொல்லிமலைக்கு ஓர் அறிவிப்பாளர் வேண்டும்

1952 மார்ச் 21 அன்று அமெரிக்காவின் கிளீவ்லாந்து அரங்கில் நடந்த கச்சேரி முதல் கலைஞரோடு நின்றுபோனது. ஏறக்குறைய 10,000 பேர் கொள்ளும் இடத்துக்கு அதைப்போல் இரண்டு மடங்குக் கூட்டம் திரண்டு வந்து, கதவுகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டது. இத்தனை பேரையும் அழைத்து வந்தது ஒரு வானொலிக் குரல். நிகழ்ச்சியை நடத்தியவர்களில் ஒருவரான ஆலன் ஃப்ரீட், உள்ளூர் நிலையத்தில் இரவு நேர அறிவிப்பாளர். கறுப்பின மக்களின் ப்ளூஸ், ரிதம் அண்ட் ப்ளூஸ் இசைத்தட்டுகளை ஒலிபரப்பியவர்.

அவரை அந்த இசைப்பக்கம் திருப்பியவர் லியோ மின்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கடைக்காரர். வெள்ளை இளைஞர்களும் தன் கடைக்கு வந்து கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளை வாங்கிப் போவதைக் கவனித்துவிட்டு, 'இதை வானொலியில் போடு' என்று ஃப்ரீடைத் தூண்டினார். ஒரு கறுப்பினப் பாடகரின் பாட்டு கவனம் பெற்றதும் வெள்ளைப் பாடகர்கள் அதையே மறுபடி பாடி விற்பது அன்றைய வழக்கம். ஃப்ரீட் மூலப் பாடகரின் தட்டைத்தான் போட்டார். இரவில் ஒலித்த பாட்டுக்கு உரியவர்களை மேடையிலும் ஏற்றினார். நிறத்தால் பிரிந்து கிடந்த இளைஞர்கள் அவர் கச்சேரிகளில் ஒரே அரங்கில் கூடினார்கள்.

மெம்பிஸ் நகரில் இதே வேலை இன்னும் ஆழமாக நடந்தது. 1949இல் அங்கிருந்த டபிள்யூ.டி.ஐ.ஏ. நிலையம் தன் நிகழ்ச்சிகள் முழுவதையும் கறுப்பின நேயர்களுக்கென மாற்றிக்கொண்டது. பி.பி. கிங் அங்கே தட்டு சுழற்றும் அறிவிப்பாளராக இருந்துதான் உலகறிந்த கிட்டார் கலைஞரானார். நிலையம் ஆண்டுதோறும் நடத்திய கச்சேரிகளின் வசூல் கறுப்பினக் குழந்தைகளின் நலனுக்குப் போனது. பாடியவர்கள், கேட்டவர்கள், பலன் பெற்றவர்கள் எல்லாரும் ஒரே ஊர் மக்கள்.

தமிழர்களுக்கும் இது தெரியாத கதையல்ல. 1952இல் பி.வி. கேஸ்கர் மத்திய அமைச்சராக வந்து அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு முட்டுக்கட்டை போட்டதும், நேயர்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினார்கள். அதன் அறிவிப்பாளர்கள் மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் பெயர்கள் தமிழ்நாட்டு வீடுகளில் உறவினர் பெயர்கள்போல் புழங்கின. அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' வானொலியில் தொடங்கி மேடைக்கு வந்து, பிறகு தொலைக்காட்சியையும் பிடித்தது. கே.எஸ். ராஜா உள்நாட்டுப் போரின் வன்முறைக்குப் பலியானார். அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அந்த இழப்பு இன்னும் ஆறவில்லை.

ஆனால் அந்த அலைவரிசையில் வந்தவை பெரும்பாலும் திரைப்பாடல்கள். கொல்லிமலையின் திண்ணனூர் நாட்டுக்காரர்கள் வானொலிப் பெட்டியைத் திருப்பினால் சென்னையின் பாட்டு கேட்டது, கொழும்பின் குரல் கேட்டது. அவர்கள் வீட்டுக் கல்யாணப் பாட்டையும் அறுவடைப் பாட்டையும் ஒலிபரப்ப ஓர் அறிவிப்பாளர் எங்கே இருந்தார்?

எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, மலையாளிப் பழங்குடியினரின் பல 'நாடு'கள் சேர்ந்தது கொல்லிமலை. அவற்றில் ஒன்று திண்ணனூர் நாடு. சாமை, தினை, கேழ்வரகு விளைந்த நிலங்கள் பல இன்று மரவள்ளிக்கு மாறிவிட்டன. பயிர் மாறினால் வேலை மாறுகிறது. வேலை மாறினால் அதோடு சேர்ந்து பாடிய பாட்டும் நிற்கிறது. பாடத் தெரிந்த மூத்த பெண்கள் இருக்கும்போதே அவற்றைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்து பெட்டியில் பூட்டி வைப்பதில் பயனில்லை. பாட்டு அந்த மலையிலேயே மறுபடி ஒலிக்க வேண்டும், பேத்தியின் காதில் விழ வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறது. தெலங்கானாவின் மச்னூரில் 2008 முதல் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோ, சிறுதானியம் விளைவிக்கும் பெண்களின் பேச்சையும் பாட்டையும் ஒலிபரப்புகிறது. கொல்லிமலைக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி கிடையாது. நீலகிரியில் ரேடியோ கோத்தகிரி பழங்குடி மக்களின் மொழிகளிலேயே நிகழ்ச்சிகளைத் தருகிறது. மத்திய அரசின் கொள்கைப்படி, பதிவு பெற்று மூன்றாண்டு ஆன தொண்டு நிறுவனங்களும் கல்வி நிறுவனங்களும் வேளாண் அறிவியல் நிலையங்களும் சமுதாய வானொலிக்கு விண்ணப்பிக்கலாம். 100 வாட் அளவிலான சிறு ஒலிபரப்பிதான். பண்பலை நேர்கோட்டில் போவதால் மலை மடிப்புகளுக்குள் சில ஊர்களுக்கு எட்டாமல் போகலாம். கோபுரத்தை எங்கே நிறுத்துவது என்பதை அந்த மலையை நடந்தே அறிந்தவர்களிடம் கேட்க வேண்டும்.

கருவி வந்துவிட்டால் போதாது. திண்ணனூர் நாட்டிலிருந்தே ஓர் இளைஞரையோ இளம்பெண்ணையோ சம்பளம் கொடுத்து அறிவிப்பாளராக அமர்த்த வேண்டும். வாரமெல்லாம் ஒலிபரப்பிய பாடகர்களை மேடையேற்றும் பொறுப்பும் அவரிடமே இருக்க வேண்டும். மேடையும் தயாராக இருக்கிறது. ஆடிப்பெருக்கையொட்டி அரசு ஆண்டுதோறும் அங்கே வல்வில் ஓரி விழா நடத்துகிறது. ஓரி யார்? காட்டில் எதிர்ப்பட்ட பாணர் கூட்டத்தின் பாட்டைக் கேட்டு, அவர்கள் வேண்டியதைச் சொல்லவும் விடாமல் இறைச்சியும் மதுவும் பொன்மணியும் அள்ளிக் கொடுத்தவன் என்று வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அவன் பெயரில் நடக்கும் விழாவில் ஒரு மாலையை முழுதாக மலைப் பாடகர்களுக்கு ஒதுக்கி, அதை அந்த அறிவிப்பாளர் கையில் கொடுப்பதே முறை.

ஃப்ரீடின் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சக் பெர்ரியின் 'மேபெலின்' பாட்டில் ஃப்ரீடின் பெயரும் ஆசிரியராக ஏறியது. தட்டு போடக் காசு வாங்கிய விவகாரத்தில் 1959இல் வேலை போனது; 1962இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்; 1965இல் 43 வயதில் இறந்தார். கறுப்பினக் கலைஞர்களுக்காக நின்ற அதே மனிதர் ஒரு கறுப்பினக் கலைஞரின் உரிமைத்தொகையில் பங்கு எடுத்தது வேதனையான உண்மை. எந்தப் பாட்டு ஒலிக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் கைக்கு அத்தனை அதிகாரம் வந்துவிடுகிறது.

எனவே கொல்லிமலையில் நிலையம் தொடங்கும் எவரும் முதல் நாளே இதை எழுதி வைக்க வேண்டும்: ஒலிபரப்பாகும் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் பாடியவரின் பெயரும் ஊரும் சொல்லப்படும், பதிவின் ஒரு பிரதி அவர் வீட்டுக்குப் போகும், வெளியார் யாராவது அதைப் படத்திலோ விளம்பரத்திலோ பயன்படுத்தினால் பணம் பாடியவருக்கும் அவர் ஊருக்கும் சேரும்.