இன்று பணக்காரர்களுக்கு, நாளை எல்லோருக்குமா?

வர்ஜின் கேலக்டிக் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு வாதம் தவறாமல் வந்து விழும். "ஆரம்பத்தில் விமானத்திலும் பணக்காரர்கள்தானே போனார்கள்? பிறகு விலை இறங்கி எல்லோரும் ஏறவில்லையா? விண்வெளிக்கும் அதுதான் நடக்கும்." 2004இல் ரிச்சர்ட் பிரான்சன் அந்த நிறுவனத்தைத் தொடங்கிய நாள்முதல் இதைக் கேட்டுவருகிறோம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் பார்த்தால் இடிக்கிறது.

விமானத்தின் கதையையே எடுத்துக்கொள்வோம். ரைட் சகோதரர்கள் பறந்தது 1903 டிசம்பரில். பத்தே ஆண்டுகளில், 1914 ஜனவரி 1 அன்று, புளோரிடாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கும் டாம்பாவுக்கும் இடையே உலகின் முதல் பயணிகள் விமானச் சேவை தொடங்கிவிட்டது. முதல் டிக்கெட் 400 டாலருக்கு ஏலம் போனது உண்மை. மறுநாள் முதல் கட்டணம் 5 டாலர். ரயிலும் படகும் மணிக்கணக்கில் இழுத்தடித்த தூரத்தை அந்தக் கடல்விமானம் அரைமணிக்குள் கடந்தது. சில மாதங்களில் அந்தச் சேவை மூடப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கட்டணம் என்ன, எதற்காக ஒருவர் ஏறுவார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அதற்குள் பதில் கிடைத்துவிட்டது.

வர்ஜின் கேலக்டிக்கின் டிக்கெட் தொடக்கத்தில் 2,00,000 டாலர். 2013இல் 2,50,000. 2021இல் 4,50,000. பிறகு 6,00,000. இருபது ஆண்டுகளில் மூன்று மடங்கு. விலைவாசி உயர்வைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஏற்றம்தான். 2007வாக்கில் பறக்கலாம் என்று முதலில் சொன்னார்கள். முதல் வணிகப் பயணம் 2023 ஜூன் 29 அன்று நடந்தது. அதிலிருந்து ஏழே வணிகப் பயணங்கள். 2024 ஜூன் 8 அன்று கடைசியாகப் பறந்த யூனிட்டி கலத்துக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, 'டெல்டா' என்ற புதிய ரகக் கலங்களைக் கட்டப் போனார்கள். டெல்டா வாரத்துக்கு இருமுறை பறக்கும் என்பது நிறுவனத்தின் கணக்கு. பறக்கட்டும், பார்ப்போம். தேதி சொல்வதில் இவர்களுடைய கடந்த காலம் அவ்வளவு நல்லதாக இல்லை.

இதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. விமானம் ஆளை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோனது. யூனிட்டி கலம் நியூ மெக்சிகோவில் கிளம்பி அதே ஓடுபாதையில் வந்து இறங்கியது. தாய்விமானம் அதைச் சுமார் 14 கிலோமீட்டர் உயரத்துக்குச் சுமந்து சென்று கழற்றிவிடும். ராக்கெட் ஒரு நிமிடம்போல் எரியும். ஒலியைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு வேகத்தில் மேலேறி, சில நிமிடங்கள் எடையற்று மிதக்கவிட்டு, வாலை மடக்கிக்கொண்டு இறங்கிவரும். பொருட்காட்சி ராட்டினத்திலும் ஏறிய இடத்தில்தான் இறங்குகிறோம். அதற்காக அதை யாரும் குறை சொல்வதில்லை. அதைப் போக்குவரத்தின் எதிர்காலம் என்று யாரும் விற்பதுமில்லை.

"இது முதல் படி. இன்று 86 கிலோமீட்டர், நாளை சுற்றுப்பாதை" என்பது அடுத்த வாதம். இங்கே இயற்பியல் குறுக்கே நிற்கிறது. ஒரு கிலோ எடையை 86 கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்க ஒரு மெகாஜூலுக்கும் குறைவான ஆற்றல் போதும். அதே ஒரு கிலோவைச் சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றும் பாதையில் நிறுத்த 30 மெகாஜூலுக்கு மேல் வேண்டும். ஏனென்றால் சுற்றுப்பாதைக்கு உயரத்தைவிட வேகம்தான் முக்கியம்: நொடிக்கு 7.7 கிலோமீட்டர் அளவில். பயணிகள் மிதப்பது புவியீர்ப்பைத் தாண்டிவிட்டதால் என்று நினைப்பவர்கள் நிறையப்பேர். அந்த உயரத்திலும் புவியீர்ப்பு தரையில் இருப்பதில் 97 சதவீதம் இருக்கிறது. கலமும் ஆளும் சேர்ந்து விழுந்துகொண்டிருப்பதால் மிதக்கிறார்கள். ரப்பர் போன்ற எரிபொருளையும் நைட்ரஸ் ஆக்சைடையும் நம்பிய இந்தக் கலத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் சுற்றுப்பாதை வந்துவிடாது. அதற்கு வேறு ராக்கெட், வேறு வெப்பக்கவசம், வேறு பொறியியல். புதுமை என்ற பெருமையும் முழுக்க இவர்களுடையதில்லை: விமானத்திலிருந்து கழற்றிவிடப்பட்ட எக்ஸ்-15 ராக்கெட் விமானத்தை 1963 ஆகஸ்டிலேயே ஜோ வாக்கர் ஏறக்குறைய 108 கிலோமீட்டர் உயரத்துக்கு ஓட்டிவிட்டார்.

அறிவியலுக்குப் பயன் உண்டா? கொஞ்சம் உண்டு. முதல் வணிகப் பயணத்தில் இத்தாலிய விமானப்படையினரும் ஆய்வாளரும் சோதனைகளோடு போனார்கள். ஆனால் சில நிமிட எடையின்மைதான் தேவை என்றால், ஆளில்லாத ஆய்வு ராக்கெட்டுகள் பல பத்தாண்டுகளாக அதைத் தந்துவருகின்றன.

கடைசி வாதம்தான் பலமானது போலத் தோன்றும்: "அவர்கள் பணம், அவர்கள் உயிர். உங்களுக்கு என்ன?"

அவர்கள் பணம் மட்டும் இல்லை. ஸ்பேஸ்போர்ட் அமெரிக்கா என்ற ஏவுதளத்தை 20 கோடி டாலருக்கு மேல் செலவிட்டுக் கட்டியது நியூ மெக்சிகோ மக்களின் வரிப்பணம். டோன்யா ஆனா, சியெரா என்ற இரண்டு மாவட்டத்து மக்கள் இதற்காகவே கூடுதல் வரிக்கு வாக்களித்தார்கள். 2011இல் திறப்பு விழா நடந்தது. டிக்கெட் வாங்கிய பயணி அங்கிருந்து கிளம்ப 2023 ஆகிவிட்டது. பங்குச்சந்தையில் நடந்தது இன்னொரு கதை. 2019இல் நிறுவனத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் இலங்கையில் பிறந்த சமத் பலிஹபிட்டிய. பங்கு உச்சத்தைத் தொட்ட அடுத்த மாதமே, 2021 மார்ச்சில், தன் சொந்தப் பங்குகளை விற்று 20 கோடி டாலருக்கு மேல் எடுத்துக்கொண்டார். பிரான்சன் தரப்பும் விற்றது. 2024 ஜூனில் இருபது பங்குகளை ஒன்றாக்கித்தான் விலையை நிமிர்த்த முடிந்தது. "எல்லோருக்கும் விண்வெளி" என்பதை நம்பி உச்சத்தில் வாங்கிய சிறு முதலீட்டாளர்கள் எங்கே போவார்கள்?

உயிருக்கு வருவோம். 2014 அக்டோபர் 31, மொகாவி பாலைவனம். வர்ஜின் கேலக்டிக்குக்காக ஸ்கேல்டு காம்போசிட்ஸ் நிறுவனம் கட்டிய எண்டர்பிரைஸ் கலத்தின் சோதனைப் பறப்பு. வாலை மடக்கும் அமைப்பின் பூட்டை ஒலியின் வேகத்தில் 1.4 மடங்கை எட்டிய பிறகு திறக்க வேண்டும். துணை விமானி மைக்கேல் ஆல்ஸ்பரி ஒலி வேகத்தை எட்டும் முன்பே திறந்துவிட்டார். காற்றின் விசையில் வால் தானே மடங்கியது, கலம் நொறுங்கியது. ஆல்ஸ்பரி இறந்தார். வெளியே வீசப்பட்ட விமானி பீட்டர் சீபோல்ட், பாராசூட் தானாக விரிந்ததால் படுகாயங்களோடு பிழைத்தார். ஒரே ஒரு மனிதத் தவறு பேரழிவில் முடியலாம் என்பதை எண்ணிப்பார்த்துத் தடுப்பு வைக்காதது கட்டியவர்களின் குறை என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சொன்னது. அத்தகைய தவறுகளை ஆராய வேண்டும் என்ற விதியிலிருந்து அரசின் விமானத் துறையே விலக்குக் கொடுத்திருந்ததும் விசாரணையில் வெளிவந்தது.

இவ்வளவுக்குப் பிறகும், பயணிகளின் பாதுகாப்புக்கென முன்கூட்டியே விதி வகுக்க அமெரிக்கச் சட்டம் அந்தத் துறையை அனுமதிப்பதில்லை. உயிர் போனாலோ, பலத்த காயம் பட்டாலோ, மயிரிழையில் தப்பினாலோதான் அதற்குக் காரணமானதைத் தடுக்கலாம். மற்றபடி, ஆபத்தை அறிந்தே வருகிறேன் என்று பயணி கையெழுத்திட்டால் போதும். தொழில் குழந்தைப் பருவத்தில் இருக்கிறது, கற்றுக்கொள்ள அவகாசம் வேண்டும் என்று 2004இல் கொடுத்த சலுகை அது. 2012இல் முடிந்திருக்க வேண்டியது 2015 ஆகி, 2023 ஆகி, இப்போது 2028 ஜனவரி 1 வரை நீண்டிருக்கிறது. விமானத்தைப் போல இதுவும் வளரும் என்று வாதாடுகிறவர்கள், விமானத்துக்கு உள்ளதைப் போன்ற பாதுகாப்பு விதிகளையும் ஏற்க வேண்டும். அந்தக் கெடுவை இன்னொரு முறை நீட்டிக்கக் கூடாது.