காரை ‘ரீமேப்’ பண்ணலாமா? மாடிஃபை செய்த காருக்கு லாபமா, நஷ்டமா?

‘ஒரு லேப்டாப், ஒரு மணி நேரம், 25 ஹெச்பி எக்ஸ்ட்ரா.’ ரீல்ஸில் நாலு கார் வீடியோ பார்த்தால் ஐந்தாவதாக இப்படி ஒரு விளம்பரம் வந்துவிடும். காரைக்குடி மாதிரி ஊர்களிலும் முதல் சம்பளத்தில் கார் எடுத்து, ஏர் ஃபில்டரையும் சைலன்ஸரையும் மாற்றிய இளைஞர்கள் அடுத்து யோசிப்பது இதைத்தான். செலவு பல ஆயிரம். செய்யலாமா? தினமும் ஓட்டும் காராக இருந்தால் வேண்டாம் என்பதே என் கருத்து.

ரீமேப் என்றால் என்ன?

செட்டிநாட்டு வீடுகளில் போர்வை போர்த்தி நிற்கும் பழைய அம்பாசடரிலும் ஃபியட்டிலும் கார்புரேட்டர் இருக்கும். மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரால் திருகி பெட்ரோலைக் கூட்டுவார், குறைப்பார். இப்போதைய கார்களில் அந்த வேலையை ஈசியூ என்ற கம்ப்யூட்டர் பார்க்கிறது. எவ்வளவு எரிபொருள், எந்த நொடியில் ஸ்பார்க், டர்போவில் எவ்வளவு அழுத்தம் என்பதெல்லாம் அதற்குள் அட்டவணைகளாக இருக்கின்றன. அந்த எண்களை மாற்றுவதுதான் ரீமேப்.

‘கம்பெனி வேணும்னே பவரைக் குறைச்சு வச்சிருக்கான்’ என்று சொல்வார்கள். இது பாதி உண்மை. ஒரே கார் லடாக் குளிரிலும் ஓட வேண்டும், நம்ம ஊர் அக்னி நட்சத்திரத்திலும் ஓட வேண்டும். சுமாரான பெட்ரோலையும், தள்ளிப்போட்ட சர்வீஸையும் தாங்க வேண்டும். அதற்காகக் கொஞ்சம் இடம் விட்டு வைக்கிறார்கள். ரீமேப் எடுத்துக்கொள்வது அந்த இடத்தைத்தான்.

எவ்வளவு பவர் கூடும்?

டர்போ இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல் கார் என்றால் பொதுவாக 5 முதல் 10 சதவீதம். ஏசியைப் போட்டால் அதில் பெரும்பகுதி காணாமல் போகும். டர்போ காரில் 20 முதல் 30 சதவீதம் வரை கூடலாம், காற்றழுத்தத்தை ஏற்ற முடியும் என்பதால்.

அதற்காக எல்லாமே சாஃப்ட்வேர் இல்லை. மாருதி கார்களில் வந்த 1.3 லிட்டர் டீசல் எஞ்சின் நினைவிருக்கும். ஸ்விஃப்டில் 75 பிஎஸ், சியாஸில் 90 பிஎஸ். ‘ஒரே எஞ்சின்தானே, ஃபைல் மாத்தினா போதும்’ என்பார்கள். ஆனால் 90 பிஎஸ் எஞ்சினில் இருந்தது வேறு வகை டர்போ. எண்ணை மட்டும் மாற்றி அந்த டர்போவைக் கொண்டுவர முடியாது.

மாடிஃபை செய்த காருக்கு?

இங்கேதான் சிக்கல். பெரிய டர்போ, பெரிய இன்ஜெக்டர் போட்டவர்களுக்கு ரீமேப் கட்டாயம். பழைய எண்கள் புதிய பாகங்களுக்குப் பொருந்தாது, எஞ்சின் கெட்டுவிடும். ஃபில்டரும் சைலன்ஸரும் மட்டும் மாற்றிய சாதாரண காருக்கு ரீமேப் தேவையே இல்லை. சிறிய மாற்றத்தை சென்சார்களே சரிக்கட்டிவிடும்.

தேவைப்படுகிறவர்களுக்கும் பெரும்பாலும் கிடைப்பது ரெடிமேட் ஃபைல். காரிலிருந்து ஃபைலை எடுத்து இணையத்தில் எங்கோ அனுப்புகிறார்கள், திருத்தி வருகிறது, ஏற்றிவிடுகிறார்கள். அது எதுவும் மாற்றாத காருக்கான ஃபைல். உங்கள் காருக்கென்று அளவெடுத்துத் தைக்க வேண்டுமானால் டைனோ மெஷினில் ஏற்றி, எஞ்சினில் ‘நாக்கிங்’ வருகிறதா, புகை எவ்வளவு சூடாகிறது என்று பார்த்துப் பார்த்து மாற்ற வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம் போதாது. நம் பங்க்கில் கிடைக்கும் இ20 பெட்ரோலை வைத்தே அதைச் செய்ய வேண்டும். 100 ஆக்டேனை நம்பி எழுதிய ஃபைலுக்கு ஊர் ஊராய் பெட்ரோல் தேட முடியாது.

மற்ற பாகங்கள் தாங்குமா?

ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் 1.5 டிஎஸ்ஐ எஞ்சினின் டார்க் 250 என்எம். அதோடு வரும் 7 ஸ்பீடு டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் வடிவமைக்கப்பட்ட உச்ச அளவும் அதே 250தான். எஞ்சினை மட்டும் 300க்கு ஏற்றினால் கூடுதல் சுமை முழுவதும் கிளட்ச் தலையில். அது போனால் வாரன்டியும் கைகொடுக்காது. முன்பிருந்த ஃபைலையே திரும்ப ஏற்றினாலும் தடயம் பல கார்களின் ஈசியூவில் தங்கிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

உற்பத்தியாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவின் கீழ், ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். விபத்து நடந்தால், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி கிளெய்மை மறுக்கவும் வழி இருக்கிறது.

‘பொல்யூஷன் சர்டிஃபிகேட் கிடைச்சிடுதே?’ கிடைக்கும். அந்தச் சோதனை நின்ற இடத்தில் புகையை அளக்கிறது, ஈசியூவைத் திறந்து பார்ப்பதில்லை. 2015இல் வெளியான ஃபோக்ஸ்வாகன் டீசல் மோசடியும் இதே கதைதான். உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் இருந்த சாஃப்ட்வேர், சோதனையில் ஒரு முகமும் சாலையில் வேறு முகமும் காட்டியது. டீசல் கார்களில் ரீமேப்போடு சேர்த்து புகை வடிகட்டியை நீக்குவதும், இஜிஆரை அணைப்பதும் சில இடங்களில் நடக்கிறது. பவர் ஓட்டுபவருக்கு, கரி பின்னால் பைக்கில் வருபவருக்கு. இதை நியாயப்படுத்தவே முடியாது.

அப்போ யாருக்குத்தான் ரீமேப்?

கோவை கரி ஸ்பீட்வே, இருங்காட்டுக்கோட்டை மாதிரியான டிராக்கில் மட்டும் ஓட்ட ஒரு கார் வைத்திருப்பவர்களுக்கு, டைனோவில் அளந்து செய்தால் கண்டிப்பாகப் பயனுண்டு.

காரைக்குடியிலிருந்து திருச்சிக்கோ மதுரைக்கோ போய் வருபவர்களுக்கு அந்த 25 ஹெச்பி என்ன செய்யும்? ஓவர்டேக்கில் சில நொடி மிச்சம். தை மாதம் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு ஆயிரக்கணக்கானோர் நடந்து போகும் சாலையில் நமக்கு வேண்டியது சீக்கிரம் நிற்கும் கார். அதே பணத்தில் நல்ல டயர், புது பிரேக் பேட், பிரேக் ஆயில், பாக்கியிருக்கும் சர்வீஸ் எல்லாம் முடித்துவிடலாம். பழைய டர்போ கார் வாங்கப் போகிறீர்களா? முன்பு ஓட்டியவர் ரீமேப் செய்திருக்கலாம். முன்பணம் கொடுக்கும் முன் கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஈசியூவை ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.