கடைமடையிலும் ஒரு கண்

கல்லணையை அடைந்த காவிரி நீர், காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனப் பிரிகிறது. பின்னர்ப் பல கிளையாறுகளிலும் வாய்க்கால்களிலும் புகுந்து தஞ்சை வயல்களை அடைகிறது. இயல்பாக மழை பெய்யும் ஆண்டில் கருநாடகம் தமிழ்நாட்டுக்கு 177.25 ஆயிரம் மில்லியன் கன அடி நீர் தருதல் வேண்டும் என்று 2018ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்நீர் எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் அளக்கப்படுகிறது.

இரு மாநிலங்களின் வழக்கிற்கு ஓரிடத்து அளவு போதும். உழவரின் தேவைக்கு அது போதுமா? போதாது. தலைமடையில் நீர் நிறைந்தோடும் நாளிலேயே கடைமடை வறண்டு கிடப்பதுண்டு. கடலோரத்திலோ, நீர் இருந்தும் உப்பேறிப் பயிரைக் கெடுப்பதுண்டு.

இக்குறையை அறிய இன்று அறிவியல் துணை செய்கிறது. நீர்மட்டம், மண்ணின் ஈரம், உப்பு, மழை ஆகியவற்றை அறியும் சிறு கருவிகளை உணரிகள் என்பர். அவை தாம் அறிந்தவற்றைக் கம்பியின்றி ஒன்றன்வழி ஒன்றாக நடுநிலையத்திற்கு அனுப்பவல்லன.

ஆயின், எல்லாக் கருவிகளையும் எல்லா இடங்களிலும் நடுதல் வீண்செலவே. மட்டமான ஒரே வயல்வெளியில் பத்துக் கருவிகள் நட்டாலும் அவை ஒரே செய்தியைத்தான் கூறும். ஆறு பிரியுமிடத்தும் மதகடியிலும் நீர்மட்ட உணரி வேண்டும். மேட்டிலும் பள்ளத்திலும் ஈர உணரி வேண்டும். கடலை அடுத்த வாய்க்காலில் உப்பு உணரி வேண்டும். விலை மிக்க நுட்பக் கருவிகள் சிலவும் எளிய கருவிகள் பலவும் கலந்திருத்தல் நன்று. எளியவை நாளடைவில் பிழைபடின், அருகிலுள்ள நுட்பக் கருவியோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம். வளர்ந்த நெற்பயிர் வானொலி அலைகளைத் தளரச் செய்யும். ஆதலால் அலைவாங்கி பயிருக்கு மேல் உயர்ந்திருத்தல் வேண்டும். செய்தி செல்லும் வழி ஒன்றேயாயின், இடையில் ஒரு கருவி பழுதுற்றாலும் அப்பாலுள்ளவை அனைத்தும் ஊமையாகிவிடும். ஆகவே, மாற்றுவழியும் அமைத்தல் வேண்டும்.

சென்று பார்த்தற்கு எளிதான தலைமடையிலும் சாலையோரத்திலும் முதலில் கருவிகளை வைப்போம் என்பர் சிலர். பழுது பார்த்தற்கு அஃது எளிதென்பது உண்மையே. ஆனால், அளவு எடுக்கப்படாத இடத்தின் குறை கணக்கில் ஏறாது. கணக்கில் ஏறாத குறையைத் தீர்ப்பாரும் இலர். நீர் பிந்தி வரும் இடம் எது என்பதை அவ்வூர் உழவர் நன்கறிவர். அவரைக் கேட்டு, முதற்கருவியைக் கடைமடையில் நடுவோமாக. கருவியை எங்கே நடுவது என்பது கணக்கு மட்டுமன்று, நடுவுநிலைமையும் ஆகும்.